கோட்டின் அகலம் ஐம்பது மீட்டர்

என் மனைவி இறந்த நாற்பத்தோராம் நாள், கட்டட வேலையை உடனே நிறுத்தும்படி அவளுக்கு உத்தரவு வந்தது.

அவள் எந்த வேலையும் செய்துகொண்டிருக்கவில்லை.

உத்தரவு கல்லறையின் மேல் இருந்தது. காற்றில் பறக்காமலிருக்க அதன்மேல் ஒரு கல் வைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் உத்தரவுகளை இப்படித்தான் கொடுப்பார்கள். ஆளைத் தேடுவதில்லை. தாளைத் தரையில் வைத்து, தாளின்மேல் கல்லை வைத்து, இரண்டையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். படம் எடுத்த நிமிடத்தில் உத்தரவு உங்கள் கைக்கு வந்துவிட்டதாகப் பொருள். ஆகவே எங்கள் ஊரான தைர் ஸுமாக்கில் தனியாகக் கிடக்கும் கல்லை யாரும் எடுப்பதில்லை. கண்டால் சுற்றிப் போவார்கள்.

நான் எடுத்தேன்.

'அனுமதியற்ற கட்டுமானம். கோப்பு எண் 4417. நீளம் ஒரு மீட்டர் தொண்ணூறு. அகலம் எழுபது சென்டிமீட்டர். உயரம் நாற்பது. கூரை இல்லை. குடியிருப்பவர்: ஒருவர். பயன்பாடு: நிரந்தரம். முப்பது நாட்களுக்குள் அனுமதி பெறாவிட்டால் அகற்றப்படும்.'

அகற்றப்படும் என்ற சொல்லை நான்கு முறை படித்தேன். கல்லை மட்டும் அகற்றுவார்களா, அவளையும் சேர்த்தா என்று தாளில் இல்லை. பயந்தேன். இனி பயந்தேன் என்று ஒவ்வொரு முறையும் எழுதப்போவதில்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் சேர்த்துப் படித்துக்கொள்ளலாம்.

மைசூன் இறந்தது மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்து. மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். வயது இருபத்தெட்டு. யாரும் சுடவில்லை. எந்தச் சோதனைச்சாவடியிலும் ஆம்புலன்ஸை நிறுத்தவில்லை. இதைக் கேட்டதும், ஊருக்கு வந்திருந்த ஒரு நிருபர் குறிப்பேட்டை மூடிவிட்டுக் காப்பியை மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

நாற்பதாம் நாள் கல்லறைக்குக் கல் நட்டோம். சுற்றிலும் நான்கு பக்கமும் சிமெண்ட் வரம்பு. மறுநாள் உத்தரவு.

மைசூனின் அக்கா இன்சாஃப் என் கையிலிருந்து தாளைப் பிடுங்கிப் படித்தாள்.

"குடியிருப்பவர் ஒருவர்னு போட்டிருக்கான். என் தங்கச்சி என்ன அங்க வாடகைக்கா இருக்கா?"

"மெதுவாப் பேசுங்க அக்கா."

"நீதான் பேசவே மாட்டேங்கிற. நிக்காஹ் அன்னிக்கும் இப்படித்தான் நின்னே. மாப்பிள்ளை ஊமையான்னு எங்க அத்தை என் காதுல கேட்டா. ஆமா, இத்தனை சீக்கிரம் எப்படிடா கண்டுபிடிச்சான்?"

தாளின் பின்னால் ஒரு படம் ஒட்டியிருந்தது. வானத்திலிருந்து எடுத்தது. கல்லறைகள் சிந்திய அரிசிபோல் கிடந்தன. ஓர் அரிசியைச் சுற்றிச் சிவப்பு வட்டம். வட்டத்துக்கு வெளியே ஒரு சிறு கரும்புள்ளி.

"இது என்ன, ஆடா?" என்றாள் இன்சாஃப்.

"நான்."

ஹெப்ரோனில் இருக்கும் வழக்கறிஞர் ஹதீலுக்குப் போன் செய்தேன். நிலம் பற்றிய வழக்குகளை மட்டும் எடுப்பவள். பதினோரு வருடங்களில் இரண்டு வழக்குகளில் ஜெயித்திருக்கிறாள். அதில் ஒன்று அவளுடைய சொந்த வீடு.

"உஸ்தாத், ஒண்ணு மட்டும் நல்லாக் கேட்டுக்குங்க," என்றாள். வாத்தியார்களை எங்கள் பக்கம் உஸ்தாத் என்பார்கள். "உத்தரவு வந்ததுக்கு அப்புறம் அங்க எதையும் தொடக் கூடாது. ஒரு கல்லைக்கூட நகர்த்தக் கூடாது. உத்தரவுக்குப் பிறகு கட்டுமானத்துல எந்த மாற்றம் செஞ்சாலும் அது தனிக் குற்றம். அதுக்கு அவகாசமே கிடையாது, மறுநாளே புல்டோசர் வரும். எதையும் தொடலையே?"

"இல்ல," என்றேன்.

போனை வைத்துவிட்டு ஓடினேன். தாளின்மேல் இருந்த கல்லைத் திரும்ப அதன் இடத்தில் வைத்தேன். எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று நினைவில்லை. மூன்று விதமாக வைத்துப் பார்த்தேன். வானத்தில் படம் எடுக்கும் ட்ரோனின் ரீங்காரம் கேட்டது. நிமிர்ந்து பார்க்கவில்லை.

இனி கோடு பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரின் மேற்குப் பக்கம் பி பகுதி. கிழக்குச் சரிவு சி பகுதி. பி பகுதியில் கட்டுவதற்கு எங்கள் ஊர் மன்றம் அனுமதி தரும். சி பகுதியில் இஸ்ரேலியர்களின் அலுவலகம் அனுமதி தரும், அதாவது தராது. இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு. பல வருடங்களுக்கு முன்னால் பேச்சுவார்த்தை மேசையில் யாரோ ஒருவர் பேனாவால் போட்டது. தரையில் அதை யாரும் பார்த்ததில்லை. பழைய அடக்கத்தலம் நிறைந்துவிட்டதால் ஊர் மன்றம் கிழக்கோரமாக ஒரு புது வரிசை திறந்தது. அதில் மைசூன் இரண்டாவது. முதலாமவருக்கு இன்னும் கல் நடவில்லை. அவர் பிள்ளைகள் ஜோர்டானில் இருக்கிறார்கள். அதனால் அவர் தப்பித்தார்.

புது வரிசை கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிறது என்று ஊர் மன்றத்தில் ஒரு கடிதம் வாங்கச் சொன்னாள் ஹதீல்.

மன்றத் தலைவர் அபூ நிசார். அவர் மேசைக்குப் பின்னால் ஒலிவ மரத்தில் செதுக்கிய வரைபடம் ஒன்று ஆள் உயரத்துக்கு நிற்கிறது. ஆற்றிலிருந்து கடல்வரை நாடு முழுதும் ஒரே பலகை. கோடு எதுவும் இல்லை. சாவிக்கொத்தில் அதே வடிவம். சுவர்க்கடிகாரத்தில் அதே வடிவம். அதன் தெற்கு முனை குறுகலாக இருப்பதால் ஆறு மணிக்கு இடமில்லை.

"கடிதம் தர முடியாது தம்பி," என்றார்.

"ஏன்?"

"கோட்டுக்கு இந்தப் பக்கம்னு நான் எழுதினா, கோடுன்னு ஒண்ணு இருக்குன்னு நான் ஒத்துக்கிட்டதா ஆகும். எங்கப்பா ஒத்துக்கலை. அவரோட அப்பா ஒத்துக்கலை. ஒரு கல்லறைக்காக நான் ஒத்துக்கணுமா?"

"கோடு இல்லைன்னா உத்தரவு எப்படி வந்துச்சு?"

"அது அவங்க பிரச்சினை. இந்தப் படத்தைப் பாரு. கோடு தெரியுதா? இதைப் பாத்துத்தான் புது வரிசைக்கே இடம் குறிச்சோம்."

"இதைப் பாத்தா?"

"வேற எதைப் பாக்கணும்?"

நான் பள்ளியில் புவியியல் நடத்துகிறேன். எட்டாம் வகுப்புக்கு அளவுத்திட்டம் என் பாடம். ஒலிவப் பலகையில் எங்கள் ஊர் எங்கே என்று தேடினேன். அந்த இடத்தில் ஒரு மரக்கணு இருந்தது.

"அவளை வெளியே எடுத்துடுவாங்க, அபூ நிசார்."

அவர் எழுந்து என் தோளில் கை வைத்தார். "எடுத்தா அவ நம்ம எல்லாருக்கும் அடையாளமாயிடுவா. ஊர்வலமே நடத்துவோம். நான் முன்னால நடப்பேன்." இழுப்பறையைத் திறந்து, அதே வடிவத்தில் பிளாஸ்டிக் காந்தம் ஒன்றை எடுத்துத் தந்தார். "குளிர்பெட்டில ஒட்டிக்க."

முப்பது நாட்களில் ஆறு போயிருந்தன.

இஸ்ரேலியர்களின் அலுவலகம் குன்றின்மேல் இருக்கிறது. பெயர் வரைபட ஒத்திசைவு அலுவலகம். வாசலில் பையைக் காலி செய்து தட்டில் வைக்கச் சொன்னார்கள். என் பையில் மைசூனின் கழுத்துச் சங்கிலி இருந்தது. அதன் பதக்கம் நாட்டின் வடிவம். அது பையிலிருப்பதை மறந்தே போயிருந்தேன். காவலுக்கு நின்ற பெண் அதைத் தூக்கிப் பார்த்தாள். இருபது வயது இருக்கும்.

"யாருது?"

"என் மனைவியுது."

அவள் தன் சட்டைக் கழுத்துக்குள் விரல் விட்டு ஒரு சங்கிலியை வெளியே இழுத்தாள். அதே வடிவம். அதே முனை. கோடு இல்லை.

"என்னோடது வெள்ளி," என்றாள். "உங்களோடது முலாம். கறுத்துப்போயிடும். தண்ணி படாம வெச்சுக்கச் சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன்.

விண்ணப்பத்தில் பன்னிரண்டு கேள்விகள். பதினொன்றாவது: குடியிருப்பவரின் கையெழுத்து. இடத்தைக் காலியாக விட்டேன். எழுத்தர் தாளைத் திருப்பித் தந்தார். கையெழுத்து இல்லாவிட்டால் காரணம் எழுத வேண்டும். 'இறந்துவிட்டார்' என்று எழுதினேன். அப்படியானால் வாரிசு கையெழுத்திடலாம், ஆனால் வாரிசு அதே கட்டுமானத்தில் வசிப்பவராக இருக்க வேண்டும் என்றார். எப்போது குடிபோகப் போகிறீர்கள் என்று கேட்டார். கேலி செய்யவில்லை. அந்த இடத்தில் தேதி எழுதக் கட்டம் இருந்தது.

கட்டத்தை வெறுமனே விட்டுவிட்டு அதிகாரி அவ்னேரின் அறைக்குப் போனேன். நன்றாக அரபி பேசுபவர். எனக்கு முதலில் தண்ணீர் தந்தார். பிறகு அனுதாபம் தெரிவித்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்தார்.

"எங்களை இடிக்கிற அலுவலகம்னு வெளிய சொல்றாங்க. அது தப்பு, மிஸ்டர் இயாத். இங்க ஒரு படம் இருக்கு. வெளிய ஒரு தரை இருக்கு. ரெண்டும் ஒத்துப்போகணும். அவ்வளவுதான் எங்க வேலை. படத்துல ஒரு மாற்றம் செய்ய ஏழு கையெழுத்து வேணும். தரையில மாற்றம் செய்ய ஒண்ணு போதும். சிக்கனமா இருக்கறதைத்தானே செய்ய முடியும்?"

"அது ஒரு கல்லறை."

"படத்தை ஆராயற எங்க ஆளுங்க அப்படிப் பாக்க மாட்டாங்க. ஒவ்வொரு வியாழக்கிழமை சாயங்காலமும் மேல இருந்து படம் எடுக்கறோம். மூணு படத்துல ஒரே இடத்துல ஒரே பொருள் இருந்தா அது கட்டடம். ஆடு நகரும். கார் நகரும். மனுஷனும் நகருவான். நகராததுக்குப் பேர் கட்டடம். ரொம்ப நேர்மையான முறை. மதம் பாக்கறதில்ல, இனம் பாக்கறதில்ல."

"கல் நட்டு ஒரு நாள்தானே ஆச்சு. மூணு படம் எப்படி?"

"மண்மேடு அதுக்கு முன்னாலேயே இருந்துச்சே. அஞ்சு வியாழக்கிழமை. மேடு நகரவே இல்ல." பாராட்டுவதுபோல் சொன்னார்.

பிறகு வரைபடம் வந்தது. இரும்புப் பெட்டியிலிருந்து நில அளவையர் பின்ஹாஸ் எடுத்துவந்தார். வயதானவர், தடித்த கண்ணாடி, கையில் வெள்ளைப் பருத்தி உறை. படத்தை விரித்து நான்கு மூலைகளிலும் காப்பிக் கோப்பைகளை வைத்தார். கோப்பைகள் காலி என்பதை முதலில் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக் காட்டினார். ஒருமுறை ஒரு கோப்பை காலியாக இல்லையாம். அதிலிருந்து ஜெனின் நகரத்துப் பக்கம் ஒரு பழுப்பு வட்டம் இருக்கிறது. அதற்குள் இன்றுவரை யாருக்கும் எதற்கும் அனுமதி கிடைத்ததில்லை.

அளவுத்திட்டம் ஒன்றுக்கு ஐம்பதாயிரம். கோட்டின் தடிமன் ஒரு மில்லிமீட்டர். வகுப்பில் கேட்பதுபோல் எனக்குள் கேட்டுக்கொண்டேன்: தரையில் எவ்வளவு? ஐம்பது மீட்டர்.

"கோடு ஐம்பது மீட்டர் அகலமா?" என்றேன்.

"நாற்பத்தஞ்சு," என்றார் பின்ஹாஸ். "அன்னிக்கு அறையில ஈரம் ஜாஸ்தி. மை கொஞ்சம் பரவிடுச்சு. ஈரத்துக்கு அஞ்சு மீட்டர்."

"கோட்டுக்குள்ள இருக்கற இடம் யாருது?"

அவ்னேர் இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தார் போலிருந்தது. "இந்தப் பக்கம் பி. அந்தப் பக்கம் சி. நடுவுல இருக்கறது ரெண்டும் இல்ல, அது கோடு. கோடு மையால ஆனது. மை பேனாவுல இருந்து வந்தது. அன்னிக்குப் பேனா எங்களோடது."

"உங்களோடதா?"

"எல்லார்கிட்டயும் கேட்டோம். உங்காளுங்க பேனா கொண்டுவரலை."

கல்லறை கோட்டில் எங்கே இருக்கிறது என்று நேரில் பார்க்கக் குழு வரும் என்றார்கள்.

பதினைந்தாம் நாள் குழு வந்தது. இரண்டு ஜீப், எட்டு சிப்பாய்கள், அவ்னேர், பின்ஹாஸ், ஒரு புல்டோசர். புல்டோசரைப் பார்த்ததும் இன்சாஃப் அடக்கத்தலத்தின் மதிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அதுவும் குழுவுல ஒரு உறுப்பினர்," என்றார் அவ்னேர் என்னிடம். "விதிப்படி எல்லா ஆய்வுக்கும் வரணும். கவலைப்படாதீங்க, அதுக்கு வாக்கு கிடையாது."

அதன் இயந்திரத்தை அவர்கள் நிறுத்தவில்லை. கடைசிவரை அந்த உறுமலுக்கு மேலேதான் பேச வேண்டியிருந்தது. மைசூனின் கல் லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. நான் கையை அதன்மேல் வைக்கப்போனேன். பிறகு தொடக் கூடாது என்பது நினைவு வந்து கையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

பின்ஹாஸ் முக்காலி நட்டார். நாடாவை இழுத்தார். பூதக்கண்ணாடியில் படத்தைப் பார்த்தார், கண்ணாடியைத் தூக்கி மைசூனைப் பார்த்தார். நாற்பது நிமிடம் கழித்து வரம்பின் சிமெண்டில் சுண்ணாம்பால் ஒரு கோடு கிழித்தார்.

எங்கள் வழக்கப்படி வலப்பக்கமாகச் சாய்த்து, முகம் தெற்கே மக்காவை நோக்கி இருக்கும்படி கிடத்துவோம். அப்படியானால் தலை மேற்கே, கால் கிழக்கே. கோடு வடக்கிலிருந்து தெற்கே போகிறது.

"தலை, நெஞ்சு, இடுப்பு எல்லாம் பி பகுதி," என்றார் பின்ஹாஸ். "முழங்காலுக்குக் கீழதான் மை."

"அப்ப எழுபது சதவீதம் சட்டப்படி இருக்காங்க," என்றார் அவ்னேர். முகத்தில் உண்மையான மகிழ்ச்சி. "உங்களுக்கு ரெண்டு வழி. ஒண்ணு, முழங்காலுக்குக் கீழ உள்ள பகுதியை மட்டும் அகற்றறோம்."

மதிலடியில் இன்சாஃப் எழுந்து நின்றாள்.

"ரெண்டாவது, முழுசாத் திருப்பிடலாம். வடக்கு தெற்கா வெச்சா மொத்தமும் பி பகுதிக்குள்ள வந்துடும். எங்களுக்கு எந்த ஆட்சேபணையும் இல்ல."

"முகம் கிப்லாவைப் பாக்கணும்," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன்.

"அது மத விஷயம். அதுல நாங்க தலையிடவே மாட்டோம். நாங்க திருப்பறதோட சரி."

"டேய், உன்னைத் திருப்பி வெச்சா உங்கம்மா சும்மா இருப்பாளாடா?" என்று மதிலுக்குப் பின்னாலிருந்து கத்தினாள் இன்சாஃப். ஒரு சிப்பாயின் துப்பாக்கி அந்தப் பக்கம் திரும்பியது. நான் இரண்டு கைகளையும் தூக்கினேன். ஏன் தூக்கினேன் என்று தெரியவில்லை. என்னை யாரும் பார்க்கவில்லை.

அவ்னேர் பொறுமையாக இருந்தார். "ரெண்டும் வேண்டாம்னா எதிர்ப்பு மனு போடலாம். மனு போட்டா முடிவாகறவரை யாரும் தொட மாட்டாங்க. ஆனா ஒரு சிக்கல். இந்தக் கல்லறை எங்க படத்துலயே இல்ல. படத்துல இல்லாத ஒண்ணைப் பத்தி மனு வாங்க முடியாது. உரிமையாளர் தன் கையால குறிச்சுத் தரணும்."

யாரும் தொட மாட்டார்கள். அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் விழவில்லை.

ஜீப்பின் முன்மூடியில் படத்தின் நகலை விரித்தார்கள். பின்ஹாஸ் தன் காதிலிருந்து பென்சிலை எடுத்துத் தந்தார். கட்டைப் பென்சில். முனை மழுங்கியிருந்தது.

பென்சிலைக் கூர் செய்துவிட்டுக் குறியுங்கள் என்று எட்டு வருடங்களாக எட்டாம் வகுப்பில் கத்துகிறேன். மழுங்கிய முனையால் குறித்த விடைத்தாளில் பாதி மதிப்பெண்ணைக் குறைப்பேன். அங்கே கூராக்கி கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இயந்திரம் உறுமியது, முன்மூடி அதிர்ந்தது. ஒரு புள்ளி வைத்தேன். சரியாகத் தெரியவேண்டும் என்று அழுத்தினேன்.

பின்ஹாஸ் குனிந்து புள்ளியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பென்சிலை வாங்கித் திரும்பக் காதில் செருகிக்கொண்டார்.

ஒன்பது நாட்கள் கழித்து விடியற்காலையில் ஊரில் கூச்சல் கேட்டது. அடக்கத்தலத்தின் கிழக்கோரத்தில் வரிசையாகக் கற்கள். ஒவ்வொரு கல்லுக்கு அடியிலும் ஒரு தாள். பையன்களின் கால்பந்துக் கம்பத்தருகே ஒன்று. தண்ணீர்த் தொட்டிமேல் ஒன்று. ஜோர்டான் பிள்ளைகளின் தகப்பனார்மேல் ஒன்று. அபூ நிசாரின் கோழிக்கூண்டின்மேல் ஒன்று.

எல்லாத் தாளிலும் ஒரே வாசகம். 'உரிமையாளர் தாமே குறித்தபடி, கோப்பு எண் 4417-இன் விட்டம் இருபத்தைந்து மீட்டர்.'

அரை மில்லிமீட்டர்ப் புள்ளி. கணக்கு சரிதான். நானே திருத்தியிருந்தாலும் சரி என்றுதான் போட்டிருப்பேன்.

அபூ நிசார் என் வீட்டுக்கு வந்தார். கையில் சுருட்டிய படம். கட்டிலுக்கு அடியில் மெத்தைத் துணியில் சுற்றி வைத்திருந்தாராம். என் உணவு மேசையில் விரித்தார். அதில் கோடு இருந்தது. பச்சையில், மெல்லியதாக.

"பாரு! நல்லாப் பாரு! இதோ கோடு! உலகமே கையெழுத்துப் போட்ட கோடு! என் கூண்டு கோட்டுக்கு இந்தப் பக்கம் பதினோரு மீட்டர்! கோட்டை மதிக்காதவன் மனுஷனா?"

"நீங்க ஒத்துக்கலையே."

"என் கோழிங்க என்ன பாவம் பண்ணுச்சு? உன்னை யாருடா அவ்ளோ பெரிய புள்ளி வைக்கச் சொன்னது? நீ வாத்தியார்தானே?"

அவர் அழுதார். மைசூன் இறந்த அன்று அழாதவர். நான் தண்ணீர் தந்தேன். குடித்துவிட்டு, "ஊர்வலம் ஒண்ணும் வேண்டாம், அவங்களைக் கோபப்படுத்தாதே," என்று சொல்லிப் படத்தைச் சுருட்டிக்கொண்டு போனார்.

இருபத்தொன்பதாம் நாள் இரவு நான் செருப்பைக் கழற்றாமல் படுத்தேன். முப்பதாம் நாள் காலை ஹதீல் போன் செய்தாள்.

"உஸ்தாத், உட்காந்திருக்கீங்களா? மனு ஏத்துக்கிட்டாங்க. இடிக்க மாட்டாங்க."

நான் தரையில் உட்கார்ந்தேன்.

"நீங்க வெச்ச புள்ளி மூல ஆவணமாம். வழக்கு முடியறவரை அதை அழிக்கக் கூடாதாம். புள்ளியை அழிக்க முடியாததால தரையையும் அப்படியே விட்டுடறாங்க. பதினோரு வருஷத்துல என்னோட மூணாவது வெற்றி."

"எப்ப முடியும்?"

"அதை விடுங்க. இன்னொண்ணு சொல்லணும். ஆவணத்தைப் பாதுகாக்க, புள்ளிக்குள்ள யாரும் போகக் கூடாது."

"நான்?"

"நீங்க குறிப்பா."

அன்று மாலையே சிவப்பு அடித்த சிமெண்ட் கட்டைகளை வட்டமாக வைத்தார்கள். அபூ நிசாரின் கோழிகள் மட்டும் உள்ளே போய்வருகின்றன. கோழி நகரும்.

வியாழக்கிழமை மாலை இறந்தவர்களைப் பார்க்கப் போவது எங்கள் வழக்கம். பன்னிரண்டரை மீட்டர் தள்ளி நின்று ஃபாத்திஹா ஓதினேன். தெற்கே கூண்டு மறைக்கிறது. வடக்கே தொட்டி மறைக்கிறது. மேற்கில் ஓர் இடத்தில், ஐந்தாவது கட்டைக்கும் ஆறாவது கட்டைக்கும் நடுவில் நின்றால் மட்டும் கல்லில் அவள் பெயர் தெரியும். அரை அடி நகர்ந்தால் தெரியாது. அந்த இடத்தில் நின்றேன். அடுத்த வியாழனும் அங்கேயே நின்றேன். வேறு இடமில்லை. இருட்டும்வரை நிற்பேன். மேலே ரீங்காரம் கேட்கும். அப்போது கழுத்து விறைத்துக்கொள்ளும். ஓட வேண்டும் என்று தோன்றும். ஓடுபவனைத்தான் சுடுவார்கள் என்றும் தோன்றும். அதனால் இன்னும் அசையாமல் நிற்பேன்.

நான்காவது வியாழக்கிழமை ஒரு ஜீப் வந்தது. பின்ஹாஸ் தனியாக இறங்கினார். என்னிடம் வந்தார். வணக்கம் சொல்லவில்லை. ஒரு தாளை என் காலடியில் வைத்தார். சுற்றிலும் பார்த்து ஒரு கல்லைத் தேடி எடுத்துவந்து தாளின்மேல் வைத்தார். இரண்டடி பின்னால் போய்க் கேமராவைத் தூக்கினார்.

"இது நான்," என்றேன்.

"மூணு படத்துல இருக்கீங்க," என்றார். "அசையாதீங்க. படம் ஆடிடும்."

எடுத்தார்.

"இப்ப நகரலாமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெள்ளை உறை இல்லாத அவர் கைகளை அன்றுதான் பார்த்தேன்.

"உத்தரவுக்கு அப்புறம் எந்த மாற்றமும்..." என்று தொடங்கியவர், முடிக்காமல் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

இன்சாஃப் மதிலோரம் வந்து நின்றாள். "என்னடா குடுத்துட்டுப் போறான்? வீட்டுக்கு வா. ஆறிப்போன சோத்தை எத்தனை தடவை சுட வைக்கிறது?"

நான் நகரவில்லை.

"என்ன எழுதியிருக்கான்? இங்கிருந்தே படி."

குனியாமல் படித்தேன். கோப்பு எண் 4417. பின்னால் ஒரு சாய்கோடு, அதன்பின் எண் 2. உயரம் ஒரு மீட்டர் எழுபத்து நான்கு. அகலம் நாற்பத்தைந்து சென்டிமீட்டர். கூரை இல்லை. பயன்பாடு: நிரந்தரம்.

"குடியிருப்பவர்னு ஒண்ணு போடுவானே," என்றாள் இன்சாஃப். "அதுல என்ன போட்டிருக்கான்?"

அந்த வரியையும் படித்தேன்.

"யாரும் இல்லை."

அவள் மதிலைச் சுற்றிக்கொண்டு வந்து, எனக்கு மூன்றடி தள்ளி, கல் எதுவும் கிடக்காத இடமாகப் பார்த்து நின்றாள். மைசூனின் பெயர் அங்கிருந்து தெரியாது.